டின்ட்டிங்: சாயத்தோய்வு

மௌனப்படக் காலத்தில், கழுவி முடித்த கருப்பு வெள்ளைப் பாசிட்டிவ் பிலிமை, அதாவது திரையில் ஓட்டும் பிரிண்டை, சாயக் கரைசலில் முக்கி, காட்சி முழுவதற்கும் ஒரே நிறம் ஏற்றினார்கள். அதுதான் டின்ட்டிங். வேர், லத்தீன் 'டிங்கெரே'. நனைத்தல், சாயமிடல் இரண்டும் அதன் பொருள். காயத்துக்குப் போடும் டிங்சரும் அதன் வழிவந்ததே. தமிழில் 'தோய்' என்பதும் அப்படியே: துணி தோய்க்கிறோம், சாயமும் தோய்க்கிறோம். (சில ஊர்களில் பாலைத் தயிராக்குவதும் தோய்ப்பதுதான்.) ஆகவே சாயத்தோய்வு. 'வண்ணமூட்டல்' இங்கே குழப்பும். தூரிகையால் பிரேம் பிரேமாகத் தீட்டுவதும், இன்று கணினியில் பழைய படத்துக்கு நிறம் கொடுப்பதும் அந்தப் பெயரில்தான் வழங்குகின்றன.

பிரிட்ஸ் லாங் ஜெர்மனியில் எடுத்த 'சிலந்திகள்' படத்தின் முதல் பாகமான 'பொன் ஏரி' 1919இல் வெளிவந்தது. புட்டிக்குள் கிடைத்த சேதியை நம்பி இன்காக்களின் பொன்னைத் தேடிக் கிளம்புகிறான் கே ஹூக். லியோ ஷாவின் கும்பலும் அதே பொன்னுக்குக் குறிவைக்கிறது. இந்த வகைப் புதையல் படங்களுக்கு இரவும் குகையும் தீப்பந்தமும் இல்லாமல் முடியாது. அன்றைய பிலிமோ ஒளியுணர்வு குறைந்தது, சிவப்பை அறவே உணராது. அதனால் இரவுக் காட்சியைப் பகல் வெயிலில் எடுத்து, பிரிண்டை நீலச் சாயத்தில் தோய்த்தார்கள். விளக்கேற்றிய அறை என்றால் மஞ்சள், தீ என்றால் சிவப்பு. பிற்காலத்தில் நிறத்தை விட்டுவிட்டுக் கருப்பு வெள்ளையில் எடுத்த நகல்களில், திருடன் பட்டப்பகலில் சுவரேறுவதாகத் தெரிவது இதனால்தான். அது இயக்குநரின் பிழையன்று, நகலெடுத்தவர் செய்த வேலை.

35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 பிரேம். நொடிக்கு 16 பிரேம் ஓட்டினால் 20 நொடி இரவுக்கு 20 அடி பிலிம். அதைத் தனியே வெட்டித் தோய்த்து, அலசி, உலர்த்தி, அடுத்த நிறத் துண்டோடு ஒட்ட வேண்டும். ஒவ்வொரு பிரிண்டுக்கும் இதே பாடு. நிறம் மாறும் இடமெல்லாம் ஒட்டு; பிலிம் அறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

டோனிங் வேறு. அதில் பிம்பத்திலுள்ள வெள்ளியே ரசாயன மாற்றத்தால் நிறப்பொருளாகிறது. இரும்பு உப்பால் நீலம் வரும். திரையில் இரண்டையும் பிரித்தறிய வெண்மையைப் பாருங்கள்: வானமும் வெள்ளைச் சட்டையும் நீலமாக, நிழல் கருப்பாக இருந்தால் தோய்வு. வெண்மை தெளிவாக நின்று நிழல் நீலமானால் டோனிங். இதற்கு 'வெள்ளி நிறமாற்று' எனலாம்.

பேசும்படத்தில் பிலிமின் ஓரத்திலுள்ள ஒலித்தடத்தை ஒளி ஊடுருவித்தான் ஒலி பிறக்கும்; சாயம் அந்த ஒளியை விழுங்கியது. அதற்கு ஈடுகொடுக்க 1929இல் கோடாக், ஒலியைக் கெடுக்காதபடி முன்பே நிறமேற்றிய 'சோனோகுரோம்' பிலிமைக் கொண்டுவந்தது. பழைய நிறங்களை மீட்க ஆவணக் காப்பகங்கள் பல பின்பற்றியது பெல்ஜியத்தின் நோயல் டெஸ்மெட் வகுத்த முறை: கருப்பு வெள்ளை நெகட்டிவை வண்ணப் பிலிமில் அச்சிட்டு, அதே பிலிமுக்கு இரண்டாம் முறை சீரான நிற ஒளி காட்டுவது. அந்த ஒளி மிஞ்சினால் வெண்மை மங்கும். டோனிங் போல வேண்டுமானால் இரண்டாம் ஒளியே தேவையில்லை. முதல் அச்சிலேயே நிற ஒளியைப் பயன்படுத்தினால் போதும்.