பேத் ஹாயிம்: இடுகாடா, நன்காடா?

சென்னை யூதர்களைப் பற்றி யார் எழுதினாலும் ‘யூதர் இடுகாடு’ என்ற தொடர் வந்துவிடுகிறது. ‘யூதர் சுடுகாடு’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. யூத மரபு பிணத்தை எரிப்பதை ஏற்பதில்லை என்பதால் அந்தப் பிழையைத் திருத்துவது எளிது. இடுகாடுதான் தொல்லை. மயானம் வடமொழிச் சுமசானத்தின் திரிபு, இடுகாடே தூய தமிழ் என்று அதற்குச் சான்றிதழ் வேறு கொடுத்துவிட்டார்கள்.

சென்னை யூதர்கள் 17ஆம் நூற்றாண்டில் பவளத்தை இறக்கி, கோல்கொண்டா வைரத்தை ஏற்றிய சிறு வணிகக் கூட்டம். அவர்களில் ஒருவரான, 1687இல் இறந்த வணிகர் ஜாக் டி பைவாவைத் தங்கசாலைத் தெருவில் அடக்கம் செய்தார்கள். பிற்காலத்தில் இடம் மாறி, எஞ்சிய கற்கள் லாயிட்ஸ் சாலைக்கு வந்தன. இத்தகைய இடத்துக்கு எபிரேயத்தில் வழங்கும் பெயர்களில் ஒன்று பேத் ஹாயிம். பேத் என்றால் வீடு. ஹாயிம் என்றால் வாழ்வு, வாழ்வோர்.

இனி இடுகாட்டுக்கு வருவோம். இடுதல் புதைத்தல்தானே என்பார்கள். மணிமேகலையில், சக்கரவாளக் கோட்டம் என்ற ஈமக்காட்டைச் சொல்லும் இடத்தில் ‘சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர்’ என்று வருகிறது. குழி தோண்டிப் புதைப்போர் தனி, இடுவோர் தனி. உடலை வெறுமனே போட்டுவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். பிற்காலத்தில் பொருள் விரிந்தது உண்மைதான். அகராதியும் அதை ஏற்கிறது. ஆனால் பழந்தமிழைச் சான்றுக்கு அழைப்பவர்கள் அது சொல்வதை முழுதாகக் கேட்க வேண்டாமா? கல்லில் பெயர் வெட்டி, அடக்கியவரைக் கிளறக் கூடாது என்று விதி வகுத்த ஒரு சமூகத்தின் நிலத்துக்கு, போட்டுவிட்டுப் போன இடம் என்று பெயர் சூட்டுவது என்ன நியாயம்?

எபிரேயப் பெயரையே தமிழாக்கப் புறப்பட்டவர்கள் ‘வாழ்வு இல்லம்’ என்கிறார்கள். முதியோர் காப்பகத்தின் பெயர்ப்பலகை போலிருக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதும் என்று நினைக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு நன்னூலைப் புரட்ட நேரமில்லை. அமங்கலத்தை நல்ல சொல்லால் சுட்டுவதை மங்கலம் என்று அங்கே வகைப்படுத்தியிருக்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் உதாரணங்கள். பேத் ஹாயிமில் எபிரேயர் செய்ததும் இதுவே. உரை சுடுகாட்டைத்தானே சொல்கிறது என்று மடக்கலாம். நன்காடு என்ற சொல்லுக்குள் தீ எங்கே இருக்கிறது? எரித்தாலும் புதைத்தாலும் அது பொருந்தும்.

பொதுவாகச் சொல்லக் கல்லறைத் தோட்டம் போதும். ஈழத்துக் கத்தோலிக்கர் வழங்கும் சேமக்காலை அதைவிட அழகு. சேமம் வடசொல் என்று தூய்மைவாதிகள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பேத் ஹாயிம் என்ற பெயரைத் தமிழில் தர வேண்டிய இடத்தில் மட்டும் நன்காடு என்றே எழுதலாம்.