ஆர்எஃப்ஐடி டேக்: வானொலியும் இல்ல, குறிச்சொல்லும் இல்ல

புதுசா வாங்கின சட்டையில தொங்குற விலை அட்டையை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. சில அட்டைக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போற ஒரு அலுமினியக் கோடு தெரியும், நடுவுல மணல் துகள் அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி. கோடு ஆன்டெனா, புள்ளி சிப்பு. பேட்டரின்னு எதுவும் கிடையாது. இதுதான் ஆர்எஃப்ஐடி டேக். கடையில வேலை பாக்குறவங்க சும்மா "டேக்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, ஆனா தமிழ்ல எழுதணும்னு உக்காந்து மொழிபெயர்ப்பு மெஷின்ல போட்டா "வானொலி அதிர்வெண் அடையாளக் குறிச்சொல்"ங்கிற மாதிரி ஒண்ணு வந்து விழும். இந்த நாலு சொல்லுல ரெண்டு தப்பு.

முழுப் பேரு ரேடியோ ஃப்ரீக்வென்சி ஐடென்டிஃபிகேஷன். ரேடியோங்கிறது லத்தீன் "ரேடியஸ்"ல இருந்து வந்தது, அர்த்தம் கதிர், சக்கரத்தோட ஆரக்காலுக்கும் அதே சொல்தான். அதுல ஒலிங்கிற பேச்சே இல்ல. பாட்டும் செய்தியும் கேக்குற பெட்டிக்கு நாம "வானொலி"ன்னு பேரு வச்சோம், அது அந்தப் பெட்டிக்கு அருமையான பேரு, ஆனா அதையே தூக்கிட்டு வந்து இங்க போட்டா இந்த டேக் ஏதோ சத்தம் போடுதுன்னு படிக்கிறவங்க நினைப்பாங்க. இங்க ஓடுறது வெறும் அலை. அதனால "வானலை"ன்னு எழுதுறதுதான் சரி. ஃப்ரீக்வென்சிக்கு "அதிர்வெண்" பாடப் புத்தகத்துலயே இருக்கு, அதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா பேச்சுல அதை விட்டுட்டு "வானலை அடையாளம்"னு சொன்னாலே போதும், அர்த்தம் எதுவும் குறையாது.

ஆர்எஃப்ஐடிங்கிற சுருக்கப் பேரு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே விஷயம் வந்துடுச்சு. இரண்டாம் உலகப் போர்ல ராடார்ல தெரியிற விமானம் நம்மளுதா எதிரியோடதான்னு கண்டுபிடிக்க, கேள்வி அலை பட்டதும் பதில் அலை அனுப்புற கருவியை விமானத்துல மாட்டினாங்க. அந்தக் கருவிக்குப் பேரு "டிரான்ஸ்பான்டர்", அது அனுப்புறதையும் பதில் சொல்றதையும் சேர்த்துச் செஞ்ச ஒட்டுச் சொல், தமிழ்ல "செலுத்துவாங்கி"ன்னு ஒரு கலைச்சொல் இருக்கு. 1948-ல ஹாரி ஸ்டாக்மேன்ங்கிறவர் திருப்பி அடிக்கிற அலையை வச்சே தகவல் அனுப்பலாம்னு கட்டுரை எழுதினார், இன்னைக்கு இருக்குற பேட்டரி இல்லாத டேக்குக்கு அடிப்படை அதுதான். ஆர்எஃப்ஐடிங்கிற எழுத்துச் சேர்க்கை சார்லஸ் வால்டன் 1983-ல வாங்கின காப்புரிமையோட வந்ததுன்னு சொல்வாங்க.

இப்ப "டேக்". ஆங்கிலத்துல பழைய காலத்துல இந்தச் சொல்லுக்கு துணியோட ஓரத்துல கிழிஞ்சு தொங்குற துண்டுன்னு அர்த்தம். அப்புறம் தொங்குற எதுக்கும் ஆச்சு, அப்புறம் விலை எழுதித் தொங்க விடுற சீட்டுக்கு ஆச்சு, கடைசியா இணையத்துல கட்டுரைக்குக் கீழ போடுற சொல்லுக்கும் அதே பேரு வந்துச்சு. அந்தக் கடைசி டேக்குக்குத்தான் தமிழ்ல "குறிச்சொல்"னு வச்சாங்க, ஏன்னா அது நிஜமாவே ஒரு சொல். சட்டையில ஒட்டியிருக்குறது சொல் இல்லையே, கையால தொடுற பொருள். மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியல, சரி, மனுஷங்களும் அப்படியே காப்பி பண்றதுதான் கடுப்பு.

இதுக்கு என் ஓட்டு "வில்லை"க்கு. அஞ்சல் வில்லை, ஒட்டுவில்லைன்னு ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு. அதுக்கும் மேல, சேவகர்கள் டவாலியில மாட்டியிருந்த அடையாளத் தகட்டுக்கும் வில்லைன்னுதான் பேரு, "வில்லைச் சேவகன்"னு ஒரு சொல்லே உண்டு. ஆக ஒட்டுறதும் அடையாளம் காட்டுறதும் ரெண்டும் இந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு. "வானலை வில்லை", இல்லைன்னா இன்னும் சுருக்கமா "அலைவில்லை". வேற நல்லது இருந்தா எடுத்துக்கங்க, குறிச்சொல் மட்டும் வேண்டாம்.

அடுத்து, கடைக்காரங்க சொல்ற "இன்வென்டரி"ங்கிற சொல்லுக்கு வருவோம். லத்தீன்ல "இன்வெனீரே"ன்னா கண்டடையறது, அதாவது தேடிப் பார்த்ததுல என்னென்ன கிடைச்சுதோ அந்தப் பட்டியல்தான் இன்வென்டரி. நம்மகிட்ட "இருப்பு"ன்னு ஒரு சொல் இருக்கு, இருக்குறது இருப்பு, அவ்வளவுதான், இதை விட நேரா சொல்ல முடியாது. "சரக்கு இருப்பு"ன்னு சேர்த்து எழுதலாம், தனியா சரக்குன்னு எழுதினா சில பேரு வேற பாட்டில் பக்கம் போயிடுவாங்க. சிக்கல் என்னன்னா கணக்குல இருக்குற இருப்பும் கடையில இருக்குற இருப்பும் ஒண்ணா இருக்குறதே இல்ல. திருட்டு, தப்பு பில், மாத்தி வச்ச சைஸ்னு எல்லாம் சேர்ந்து கணக்கு மெல்ல மெல்ல விலகிப் போயிடும், வருஷத்துக்கு ஒரு தடவை ஆளுங்களைப் போட்டு ஒண்ணொண்ணா ஸ்டாக் எடுத்தாத்தான் தெரியும்.

அங்கதான் அலைவில்லை வேலைக்கு வருது. பார்கோடு, அதாவது பட்டைக்குறி, "இது இந்த மாடல், இந்த சைஸ், நீலம்"னு ரகத்தை மட்டும்தான் சொல்லும், ஒரே ரகத்துல 50 சட்டை இருந்தா 50-க்கும் ஒரே குறி. அலைவில்லையில ஒவ்வொரு சட்டைக்கும் தனி எண். கடைகள்ல அதிகமா ஓடுற 96 பிட் (அதாவது 96 பூஜ்யம்-ஒண்ணு இலக்கம்) குறியில வரிசை எண்ணுக்குன்னே 38 பிட் ஒதுக்கியிருக்காங்க, ஒரு ரகத்துக்கு மட்டும் 27,000 கோடிக்கு மேல எண் கொடுக்கலாம். அப்புறம் பட்டைக்குறியை ரீடர், அதாவது குறியைப் படிக்கிற கருவி, கண்ணால பாக்கணும், இதுக்கு அது தேவையில்ல, மடிச்சு அடுக்கின குவியலுக்கு முன்னாடி கையில ரீடரை வச்சுக்கிட்டு மெல்ல ஒரு வீசு வீசினா போதும். வெயில்ல கண்ணாடியை ஆட்டி எதிர்ப் பக்கம் இருக்குறவருக்கு சைகை காட்டுற மாதிரிதான், வெளிச்சம் சூரியனோடது, ஆட்டுறது மட்டும் நாம. அதே போல ரீடர் அனுப்புற அலையில இருந்தே மின்சாரத்தையும் எடுத்துக்கிட்டு, அதையே ஏத்தி இறக்கித் திருப்பி அடிச்சு சிப்பு தன் எண்ணைச் சொல்லுது.

நூறு சிப்பு ஒரே நேரத்துல பதில் சொன்னா குழப்பம் ஆகாதாங்கிறது நியாயமான கேள்வி. ரீடர் முதல்ல இத்தனை நேரத் துண்டு இருக்குன்னு அறிவிக்கும், ஒவ்வொரு சிப்பும் தானா ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து அதோட முறை வரும்போது ஒரு 16 பிட் தற்செயல் எண்ணைச் சொல்லும், ரீடர் அந்த எண்ணைத் திருப்பிச் சொன்னாத்தான் தன் உண்மையான எண்ணைக் கொடுக்கும். ரெண்டு பேரு ஒரே துண்டுல மோதிக்கிட்டா அடுத்த தடவை. எண்ணி முடிச்ச சிப்பு "என்னை எண்ணியாச்சு"ன்னு தனக்குள்ள ஒரு அடையாளத்தை மாத்தி வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் ஒதுங்கி நிக்கும், அதனால மத்தவங்களுக்கு வழி கிடைக்குது. இந்த டேக்குக்கான தொழில்நுட்பத் தரநிலையிலயே இந்தச் சுற்றுக்குப் பேரு "இன்வென்டரி"தான், இங்க பட்டியலை விட "கண்டடையறது"ங்கிற பழைய அர்த்தம்தான் நல்லா பொருந்துது.

கடைக்கு இது வந்த கதையில ஒரு லிப்ஸ்டிக் இருக்கு. பிராக்டர் அண்ட் கேம்பிள்ல இருந்த கெவின் ஆஷ்டன், கிடங்குல இருக்குற ஒரு ஷேடு கடை அலமாரியில மட்டும் எப்பவும் காலியா இருக்கேன்னு யோசிக்க ஆரம்பிச்சு, 1999-ல அமெரிக்காவுல இருக்குற எம்ஐடியில ஆட்டோ-ஐடி சென்டர்ங்கிற ஆர்எஃப்ஐடி ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரா ஆனார். 2003-ல வால்மார்ட் தன்னோட முதல் 100 சப்ளையர்கள் 2005 ஜனவரிக்குள்ள பெட்டிக்கும் பேலட்டுக்கும் (பெட்டிகளை அடுக்குற பலகை) டேக் ஒட்டணும்னு சொன்னதும் பெரிய பரபரப்பு, ஆனா நினைச்ச வேகத்துல அது நடக்கல. சில்லறைக் கடையில நல்லா பிடிச்சது துணிக்கடையிலதான், ஏன்னா ஒரே சட்டை பத்து சைஸ் பத்து நிறம்னு இருக்கும், அதுவும் போக துணியில தண்ணியும் இல்ல, உலோகமும் இல்ல. இந்த வில்லைங்க பேசுற 860-லிருந்து 960 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணி விழுங்கிடும், தகரம் திருப்பி அடிச்சிடும், அதனால ஜூஸ் பாட்டிலையும் டின்னையும் எண்ணுறது இன்னும் தலைவலி. இன்னொரு தொல்லை, சுவத்துக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் ரூம்ல இருக்குறதையும் ரீடர் படிச்சுட்டு ஷோரூம் கணக்குல சேர்த்துடும்.

மத்த சொற்களை ஓட்டமா சொல்லிடறேன்: சிப்புக்கு சில்லு, ஆன்டெனாவுக்கு அலைவாங்கி, ரீடருக்குப் படிப்பான். ரீடரோட தரநிலைப் பேரு "இன்டெராகேட்டர்", விசாரிக்கிறவர்னு அர்த்தம், அதை அப்படியே தமிழாக்கினா போலீஸ் வாடை அடிக்கும், விட்டுடலாம். "கில் கமாண்ட்"னு ஒண்ணு இருக்கு, 32 பிட் கடவுச்சொல்லோட அதை அனுப்பினா அந்த வில்லை அப்புறம் எந்த ரீடருக்கும் பதில் சொல்லாது. 2003-ல பெனட்டன்ங்கிற இத்தாலிய துணிக் கம்பெனி தன் துணியில டேக் வைக்கப் போறாங்கன்னு செய்தி வந்ததும், கடையை விட்டுப் போன பிறகும் எங்க சட்டையைப் படிப்பீங்களான்னு எதிர்ப்பு கிளம்பி புறக்கணிப்பு வரைக்கும் போச்சு, அந்த மாதிரி பயத்துக்கு பதில்தான் இந்தக் கட்டளை. தமிழ்ல "கொல் கட்டளை"ன்னு எழுதியிருக்குறதைப் பாத்தா சிரிப்பு வருது, "முடக்கு கட்டளை"ன்னு எழுதுங்க.