முடிந்துபோன தேர்வும் முடியாத தொடரும்

கலிஃபோர்னியாவில் வழக்கறிஞராகத் தொழில் செய்ய வேண்டுமானால் பார் தேர்வில் தேற வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் தேர்வு அது. பிப்ரவரியில் எழுதியவர்களுக்கு மே மாதத் தொடக்கத்தில்தான் ரிசல்ட் வரும். அதற்குள், ஏப்ரல் நடுவில், வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்-இன் பிளே-ஆஃப் ஆட்டங்கள் தொடங்கிவிடும். லாஸ் ஏஞ்சலிஸ், அனஹைம், சான் ஹோசே என்று அந்த ஒரு மாநிலத்திலேயே மூன்று அணிகள். பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கும் ஹாக்கி ரசிகருக்கு ஏப்ரல் கடைசியில் இரண்டு கேள்விகள் சேர்ந்தே மண்டைக்குள் ஓடும். நான் பாஸா? நம்ம அணி ஜெயிக்குமா?

இரண்டுக்கும் அவர் ஒரே பதிலைச் சொல்லலாம்: "அறுபது சதவீதம் வாய்ப்பு இருக்கு." ஆனால் இந்த இரண்டு அறுபதும் வேறு வேறு. நாளைய ஆட்டம் இன்னும் நடக்கவில்லை. பக் என்கிற அந்த ரப்பர் வட்டு எந்தக் கம்பத்தில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பது எங்கேயும் முடிவாகவில்லை. தேர்வு அப்படியல்ல. விடைத்தாளில் எழுதியது எழுதியதுதான். மதிப்பெண் போட்டு முடித்த நாளிலிருந்து அதில் நிகழ்வதற்கு எதுவுமே மிச்சமில்லை, நமக்குத் தெரியவில்லை என்பது மட்டும்தான் மிச்சம். முதலாவது உலகத்தில் இருக்கும் தற்செயல். இரண்டாவது நம்முடைய அறியாமை. மனசு இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை என்பதுதான் காத்திருப்பைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஹாக்கியின் தற்செயலைப் பார்ப்போம். பிளே-ஆஃபுக்கு 16 அணிகள் வரும். ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர். முதலில் நான்கு ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். நான்கு தொடர்களை வென்றால் ஸ்டான்லி கோப்பை. ஒரு அணி எதிராளியைவிட நிஜமாகவே பலமானது, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க 55% வாய்ப்பு உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு ஆட்டங்கள் கிடைத்தால் பலம் தானாக வெளிப்பட்டுவிடும் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டால் அந்தத் தொடரை வெல்லும் வாய்ப்பு சுமார் 61% மட்டுமே. ஆட்டத்துக்கு 60% என்று உயர்த்தினாலும் தொடருக்கு 71%தான் வரும். இனி இந்த 71%ஐ நான்கு சுற்றுக்கும் பெருக்கிப் பாருங்கள்: 25%. எதிரே யார் வந்தாலும் தெளிவாக மேலே நிற்கும் ஒரு அணி, நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டு கோப்பை இல்லாமல் வீடு திரும்பும். அதில் யாருடைய தவறும் இல்லை.

இதற்கு ரத்தமும் சதையுமான சாட்சிகள் உண்டு. 2018-19 பருவத்தில் டாம்பா பே லைட்னிங் அணி 82 ஆட்டங்களில் 62 ஜெயித்து 128 புள்ளிகள் எடுத்தது. முதல் சுற்றில் கொலம்பஸ் அணியிடம் நான்கு ஆட்டமும் தோற்று வெளியேறியது. 2022-23 பருவத்தில் பாஸ்டன் புரூயின்ஸ் 65 வெற்றி, 135 புள்ளி என்று லீகின் சாதனையையே மாற்றி எழுதியது. எதிரே 92 புள்ளிகளோடு தட்டுத்தடுமாறி உள்ளே வந்த ஃபுளோரிடா பாந்தர்ஸ். பாஸ்டன் 3-1 என்று முன்னிலையிலும் இருந்தது. ஏழாவது ஆட்டத்தில், ஏறக்குறைய ஒரு நிமிடம் மிச்சமிருக்கும்போது ஃபுளோரிடா கோல் போட்டுச் சமன் செய்து, ஓவர்டைமில் ஆட்டத்தையும் தொடரையும் முடித்துவிட்டது.

ஹாக்கியில் இது ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது? கோல்கள் குறைவு. ஒரு அணி ஆட்டத்துக்குச் சுமார் 30 ஷாட் அடிக்கும், அதில் மூன்று போல உள்ளே போகும். இங்கே கோல் வாசலைக் காக்கும் கோலியை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். பத்தில் ஒன்பது ஷாட்டைத் தடுக்கும் சராசரி கோலி ஒரு தொடரில் 200 ஷாட்டைச் சந்திக்கிறார். எதிர்பார்ப்பது 20 கோல். ஆனால் அவருடைய திறமை இம்மியும் மாறாமலேயே, வெறும் தற்செயலில், இந்த எண் நான்கு கூடவோ குறையவோ போவது மிகச் சாதாரணம். 16 கோல் விட்டால் அவர் நாயகன். 24 விட்டால் "பெரிய ஆட்டம்னா கையே நடுங்குது" என்பார்கள். ஆள் ஒருவர்தான், திறமையும் ஒன்றுதான். 2003இல் அனஹைமின் ழான்-செபாஸ்டியன் ஜிகேர் அணியையே தோளில் சுமந்து இறுதிச் சுற்றுவரை கொண்டுபோனார். கோப்பை நியூ ஜெர்சிக்குப் போனபோதும் பிளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. அப்படி ஒருவர் இந்த ஆண்டு யார் என்று ஏப்ரலில் யாராலும் சொல்ல முடியாது.

சரி, தேர்வுக்கு வருவோம். அங்கேயும் தற்செயல் இருந்தது, ஆனால் அதன் காலம் முடிந்துவிட்டது. ஐந்து கட்டுரை வினாக்கள், வழக்குக் கோப்பைக் கொடுத்து வேலை வாங்கும் ஒரு பகுதி, 200 கொள்குறி வினாக்கள் என்று இரண்டு நாள் நடப்பது பார் தேர்வு. படித்த சட்டம் முழுவதிலிருந்தும் கேட்பதற்கு அவ்வளவுதான் இடம். எந்த ஐந்து தலைப்பு வந்தது என்பதிலேயே கொஞ்சம் அதிர்ஷ்டம் புகுந்துவிடுகிறது. கட்டுரை திருத்துகிறவர்கள் முதலில் சேர்ந்து மாதிரி விடைகளைத் திருத்திப் பார்த்து, ஒரே அளவுகோலுக்கு வருகிறார்கள். அப்புறம் இந்த முறை வினாத்தாள் கடினமா எளிதா என்பதை ஈடுகட்ட, மதிப்பெண்களைப் பொது அளவுக்கு மாற்றுகிறார்கள். 2020இல் கலிஃபோர்னியா தேர்ச்சிக் கோட்டை 1440இலிருந்து 1390க்கு இறக்கியது. கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பவர்களின் விடைகள் இரண்டாம் முறை திருத்தப்படுகின்றன. காத்திருக்கும் மாதங்கள் இப்படித்தான் கரைகின்றன. இந்த ஏற்பாடே ஒன்றைச் சொல்கிறது: கோட்டுக்குப் பக்கத்தில் அளவீடு நடுங்கும் என்பது திருத்துகிறவர்களுக்கும் தெரியும். 1385க்கும் 1395க்கும் நடுவே இருக்கும் தூரம், 16 கோல் விட்ட கோலிக்கும் 20 விட்ட கோலிக்கும் நடுவே இருப்பது போன்றதுதான்.

தன் வாய்ப்பைக் கணிக்க நினைப்பவர் மனசைக் கேட்பதற்கு முன்னால் அடிப்படை விகிதத்தைப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவின் பிப்ரவரித் தேர்வில் பல ஆண்டுகளாக மூன்றில் ஒருவர் அளவுக்குத்தான் தேறியிருக்கிறார்கள். முதல் முறை எழுதுகிறவர்களின் விகிதம் இதைவிட மேல், திரும்ப எழுதுகிறவர்களுடையது கீழ். தன் எண் அங்கிருந்து தொடங்க வேண்டும். "நல்லாத்தான் எழுதினேன்" என்பதை அதற்கு மேல் கொஞ்சம் சேர்க்கலாம், அவ்வளவே. ஹாக்கி ரசிகர் இதை இயல்பாகச் செய்கிறார். புள்ளிப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் ஆசையைச் சேர்ப்பார்.

காத்திருப்பு ஏன் உடம்பை இப்படிப் படுத்துகிறது என்பதற்கு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் செய்த, 2016இல் வெளியான ஒரு சோதனை நல்ல விளக்கம் தருகிறது. கணினித் திரையில் பாறைகள். அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால், ஊகம் சரியோ தப்போ, கையில் வலிக்கிற மாதிரி மின் அதிர்ச்சி. வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்தபோது, அதிர்ச்சி உறுதி என்று தெரிந்தவர்களைவிட, பாதிக்குப் பாதி என்ற நிலையில் இருந்தவர்களுக்குத்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. அடி விழும் என்று தெரிந்துவிட்டால் ஓரளவு அமைதி, விழுமா விழாதா என்பதுதான் தாங்காது. இன்னொன்றும் தெரிந்தது: நிச்சயமின்மை கூடக் கூடப் பதற்றமும் சரியாகக் கூடியவர்கள், பாம்பு எங்கே என்பதை நன்றாக ஊகித்தார்கள். இந்தப் பதற்றம் வீண் இல்லை. மேலும் தகவல் தேடு என்று மூளையை உந்தும் விசை.

ரசிகருக்கு அந்த விசை வேலை செய்ய வழியிருக்கிறது. பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆட்டம், ஒவ்வொன்றும் புதுத் தகவல். தேர்வு எழுதியவருக்கு அதே விசைதான் இருக்கிறது, ஆனால் தேடிப் பிடிக்க ஒன்றும் இல்லை. அதனால் ராத்திரி இரண்டு மணிக்கு மூன்றாவது கட்டுரையை மனசுக்குள் திரும்ப எழுதிக்கொண்டிருப்பார்.

அறியாமை முடிவுகளையும் கட்டிப்போடும். உளவியலாளர்கள் எல்டார் ஷஃபீரும் ஏமஸ் டிவெர்ஸ்கியும் 1992இல் மாணவர்களிடம் ஒரு கற்பனை நிலைமையைச் சொன்னார்கள். கடினமான தேர்வு எழுதியிருக்கிறீர்கள், சலுகை விலையில் ஹவாய் சுற்றுலா இன்று மட்டும் கிடைக்கிறது. பாஸ் என்று சொல்லப்பட்டவர்களில் 54% வாங்கினார்கள். ஃபெயில் என்று சொல்லப்பட்டவர்களில் 57%. ரிசல்ட் தெரியாது என்று சொல்லப்பட்டவர்களில் வாங்கியது 32% மட்டுமே. 61% பேர், ரிசல்ட் வந்தபின் முடிவெடுக்க 5 டாலர் கட்டத் தயாராக இருந்தார்கள். எந்த ரிசல்ட் வந்தாலும் பாதிக்கு மேல் வாங்குகிற பொருளுக்கு, தெரிந்துகொள்வதற்காக மட்டும் ஒரு விலை!

பார் தேர்வையே களமாக எடுத்தவர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் கேட் ஸ்வீனி. ஜூலைத் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் காத்திருந்த 230 பேரை அவர் குழு தொடர்ந்து கவனித்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டது. கவலையை அடக்க, மறக்க, நல்லதையே நினைக்க என்று அவர்கள் செய்த முயற்சிகள் பெரும்பாலும் பலிக்கவில்லை. கவலைப்பட்டே நாளைக் கழித்தவர்கள் கெட்ட செய்தியை நன்றாகத் தாங்கினார்கள், நல்ல செய்தியில் அதிகம் மகிழ்ந்தார்கள். பின்னர் அதே குழு, ஏதாவது ஒரு வேலையில் நேரம் போவது தெரியாமல் மூழ்கியவர்களுக்குக் காத்திருப்பு கொஞ்சம் லேசாகக் கழிந்ததையும் கண்டது. பிளே-ஆஃப் முதல் சுற்றின் எட்டு தொடர்களுக்கும் வாய்ப்புகளை உட்கார்ந்து கணக்கிடுவது அப்படி மூழ்கத்தக்க வேலை என்பேன். சவால் உண்டு, முன்னேற்றம் தெரியும், உடனுக்குடன் பதிலும் வரும்.

அதை ஒழுங்காகச் செய்ய ஒரு கருவி இருக்கிறது. வானிலை முன்னறிவிப்புகளை எடைபோட கிளென் பிரையர் 1950இல் சொன்ன முறை அது. "இந்த அணிக்கு 70%" என்று எழுதி அது ஜெயித்தால் உங்கள் பிழை 0.3இன் வர்க்கம், அதாவது 0.09. தோற்றால் 0.7இன் வர்க்கம், 0.49. குறைவாக வந்தால் நல்லது. எல்லாவற்றுக்கும் 50% எழுதிக்கொண்டே போகிறவருக்குச் சராசரி 0.25 வரும். தொடர்கள் எல்லாம் 60-க்கு-40 என்று இருந்தால், உண்மையான வாய்ப்பு முழுதும் தெரிந்தவருக்கே நீண்ட காலச் சராசரி 0.24. பிளே-ஆஃபில் முழு ஞானத்துக்கும் நாணயம் சுண்டுவதற்கும் இவ்வளவுதான் இடைவெளி. அதனால் ஒரு பருவத்தின் 15 தொடர்களை வைத்து யாரையும் மெச்சவும் முடியாது, தள்ளவும் முடியாது. பல பருவங்கள் எழுதிவைத்தால்தான், நீங்கள் 70% என்று சொன்னவை பத்துக்கு ஏழு நடக்கின்றனவா என்பது தெளியும். அப்படித் தெளிந்தவர் தன் தேர்வுக்குச் சொல்லும் 70%க்கும் ஒரு பொருள் இருக்கும்.

ஆனால் எப்போது சொல்கிறார் என்பதும் கணக்கில் வரும். ஜேம்ஸ் ஷெப்பர்டும் கூட்டாளிகளும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னார்கள். ரிசல்ட் கைக்கு வரும் நொடியில் குறைத்துச் சொன்னார்கள். ஏமாற்றத்துக்கு மனசு முன்கூட்டியே தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது, புதுத் தகவல் ஒன்றும் வராமலேயே. உண்மைக்கு மிக அருகில் இருந்தது தேர்வு முடிந்த உடனே அவர்கள் சொன்ன எண். ஆகவே தேர்வுக்கான கணிப்பை எழுத வேண்டிய நாள் பிப்ரவரியில், கடைசித் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வரும் அந்த மாலை. ஹாக்கிக்கு ஏப்ரல்வரை நேரம் இருக்கிறது.