சொல் விளக்கம்: வளிக் கதுவீ

‘வளிமண்டலவியல் திணைக்களம்’ என்ற பெயர் கொழும்பில் தமிழ்ச் செய்தி கேட்பவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. தமிழ்நாட்டில் அதே வேலையைச் செய்வது ‘வானிலை ஆய்வு மையம்’. எனக்கு நம்முடைய பெயர்தான் பிடிக்கும். காற்றைக் குறிக்கும் மிகப் பழைய சொல்லான ‘வளி’ அதில் இன்னும் புழங்குகிறது.

காற்றை ஆராயும் ராடாரை ‘வளிக் கதுவீ’ எனலாம் என்பது என் யோசனை. அதில் ‘வளி’ இதுதான். அப்புறம் ராடார். தமிழ்நாட்டில் ரேடார் என்பார்கள். ‘வானொலி அலையால் கண்டறிந்து தூரம் அளத்தல்’ என்ற பொருளுள்ள ஆங்கிலத் தொடரின் எழுத்துகளைச் சேர்த்து 1940இல் அமெரிக்கக் கடற்படை ஆக்கிய சுருக்கப் பெயர் அது. தமிழில் ‘கதுவீ’ என்றும் எழுதுகிறார்கள். கதுவுதல் என்றால் பற்றுதல். ‘கூரையில் தீ கதுவியது’ என்பதில் வருவதும் அதே வினைதான்.

காற்றை ஆராயும் ராடாருக்கு இந்தச் சொல் மிகச் சரியாகப் பொருந்துகிறது. மழை ராடாருக்குத் துளி வேண்டும், இதற்கு வேண்டாம். தெளிந்த வானிலும் வெப்பமும் ஈரமும் இடத்துக்கிடம் மாறுவதால் சிறு கொந்தளிப்புகள் இருக்கும். அவற்றில் பட்டு, அனுப்பிய அலையில் மிக மிகச் சிறிய பங்கு திரும்பி வரும். அதைத்தான் கருவி கதுவுகிறது. பெரு நாட்டின் ஹிகமார்க்கா ராடாரைக் கொண்டு வூட்மன், கில்லன் என்ற இரு விஞ்ஞானிகள் 1974இல் இதைக் காட்டினார்கள்.

நமக்குக் கிட்ட இருக்கும் இத்தகைய ராடார்களில் ஒன்று திருப்பதிக்கு அருகே காதங்கியில் உள்ளது. 53 மெகாஹேர்ட்ஸில் இயங்குகிறது; அலைநீளம் ஏறக்குறைய 5.7 மீற்றர். அதில் பாதி, அதாவது மூன்று மீற்றருக்குச் சற்றுக் குறைவான அளவுள்ள கொந்தளிப்புகளே அதற்கு எதிரொலி தரும். அலைக் கற்றையை நேர் மேலேயும், நாலு திசைக்கும் 10 பாகை சாய்த்தும் அனுப்புவார்கள். திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து காற்றின் வேகமும் திசையும் ஒவ்வோர் உயரத்துக்கும் கிடைக்கும். காற்றை அளக்க விடும் பலூன் மேலே போய்ச்சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். காற்றோடு விலகியும் போய்விடும். ராடாரோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே அளக்கிறது. செக்கனுக்குச் சில சென்ரிமீற்றர் வேகத்தில் காற்று மெல்ல மேலெழுவதையும் காட்டுகிறது.

யூலையில் காலிமுகத்திடலில் நின்றால் முகத்தில் அடிப்பது கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று. அதே நேரம் தலைக்கு மேலே சுமார் 15 கிலோமீற்றரில் கிழக்கிலிருந்து தாரைக்காற்று, அதாவது ஒடுங்கிய பட்டையாக மிக வேகமாக ஓடும் காற்று, பாய்கிறது. காற்றை இப்படி அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் கருவியை ‘வளிக் கதுவீ’ என்று எழுதலாம். செய்தியில் ராடார் என்றே இருக்கட்டும். பாடநூலிலாவது மழை ராடார் வேறு, வளிக் கதுவீ வேறு என்று பிரித்துச் சொன்னால் பிள்ளைகளுக்குக் குழப்பம் வராது.