புது நிலவகை சேர்க்கும் முன் நகர்வுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

வியூக விளையாட்டுகளுக்கு மேப் செய்து பழகும் இளைஞர்களின் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்வது என் தொழிலின் ஒரு பகுதி. புது நிலவகை சேர்க்க வேண்டும் என்றதும் பெரும்பாலோர் முதலில் படம் வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். படம் அருமையாக வந்திருக்கும். ஆனால் எந்தப் படையும் அதற்குள் கால் வைக்காது.

2003-இல் டேவிட் வைட் தொடங்கிய திறமூல விளையாட்டான ‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’தையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு நகர்வு வகை உண்டு. சதுப்பு, காடு, குன்று, மலை என்று சில அடிப்படை நிலங்களுக்கு மட்டுமே அதில் நகர்வுச் செலவும் (ஒரு கட்டத்துக்குள் நுழையப் பிடிக்கும் புள்ளிகள்) தற்காப்பு விகிதமும் (எதிரியின் அடியிலிருந்து தப்பும் வாய்ப்பு) எழுதப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத நிலம், அந்த யூனிட்டைப் பொறுத்தவரை கடக்கவே முடியாத நிலம். அதனால்தான் புது நிலவகையை ஏற்கெனவே உள்ள நிலங்களின் ஏலியாஸாக, அதாவது அவற்றின் எண்களையே கடன் வாங்கும் மாற்றுப் பெயராக, அமைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

அலையாத்திக் காட்டைச் சேர்க்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சதுப்பு, காடு இரண்டும் கலந்தது என்று எழுதிவிட்டால் போதுமா? ஒன்றுக்கு மேற்பட்ட ஏலியாஸ் கொடுத்தால், வேறு எதுவும் சொல்லாதவரை, விளையாட்டு இரண்டில் சாதகமானதை எடுத்துக்கொள்ளும். சாதாரணக் காலாட்படைக்குச் சதுப்பில் செலவு 3, காட்டில் 2. ஆக, வெறும் சேற்றைவிட மரம் அடர்ந்த சேற்றில் அவர்கள் வேகமாக நடப்பார்கள். இது அபத்தம். சரி, பாதகமானதை எடு என்று மாற்றினால், சதுப்பில் 1 புள்ளியில் நீந்தும் கடல்மாந்தருக்கு இங்கே 5 ஆகிவிடும். காட்டில் அவர்களுடைய செலவு அது. தண்ணீர் தேங்கிய இடத்தில் அவர்கள் திணறுவதும் பொருந்தவில்லை.

நகர்வுக்கும் தற்காப்புக்கும் தனித்தனி ஏலியாஸ் கொடுக்க வழி இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை. நகர்வுக்குச் சதுப்பு மட்டும், தற்காப்புக்கு இரண்டில் சிறந்தது என்று வையுங்கள். காலாட்படைக்குச் செலவு 3, குதிரைப்படைக்கு 4, கடல்மாந்தருக்கு 1. தற்காப்போ காலாட்படைக்குச் சதுப்பின் 20 விழுக்காட்டுக்குப் பதில் காட்டின் 50 விழுக்காடு. கடல்மாந்தருக்குச் சதுப்பின் 60 அப்படியே நிற்கும். மெதுவாகத்தான் போக முடியும், போய்ச் சேர்ந்தால் ஒளிந்துகொள்ள மரம் இருக்கிறது. அலையாத்திக் காடு என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்!

கணக்கு பொருந்திய பிறகு படத்துக்கு வாருங்கள். அறுகோணக் கட்டம் ஒன்று 72 பிக்சல் அகலம், 72 பிக்சல் உயரம். அவ்வளவு சிறிய இடத்தில் உங்கள் அலையாத்தியும் பழைய காடும் ஒரே பச்சையாகத் தெரிந்தால், ஆடுபவர் குதிரையைத் தவறான இடத்துக்கு அனுப்புவார். வேர்களுக்கு நடுவே தண்ணீர் தெரியட்டும். பக்கத்து நிலத்தோடு ஓரம் எப்படி இணைகிறது என்பதையும் புல், மணல், கடல் மூன்றின் அருகிலும் வைத்துப் பாருங்கள்.

எடிட்டரில் எந்தக் குழுவில் வர வேண்டும் என்று குறிப்பிடாமல் விட்டால், மேப் செய்பவர் உங்கள் நிலத்தைத் தேடிக்கொண்டே இருப்பார்.

நிலத்துக்கு வைக்கும் குறியீட்டில் அவசரம் வேண்டாம். மேப் கோப்பு என்பது இந்தக் குறியீடுகளை வரிசையாக எழுதிய உரைக்கோப்புதான். படமோ விதியோ அதற்குள் இல்லை. வெளியிட்ட பின் குறியீட்டை மாற்றினால், அதை வைத்துப் பிறர் செய்த மேப்கள் எல்லாம் உடையும். உங்கள் ஆட்-ஆன் (விளையாட்டோடு கூடுதலாக நிறுவும் தொகுப்பு) இல்லாதவரிடமும் அந்த மேப் சரியாகத் திறக்காது. ஆகவே எந்த ஆட்-ஆன் தேவை என்பதை மேப்பின் விவரத்திலேயே எழுதிவிடுங்கள்.