‘டிக்’ வந்தால் போதுமா? க்யூஆர் அட்டை வைத்திருக்கும் கடைக்காரர்கள் கவனத்துக்கு

மளிகைக் கடையில் மாலை நேரக் கூட்டம். ஒருவர் எண்ணெய், பருப்பு, சோப்பு என்று ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்குகிறார். க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து, செல்பேசியைத் திருப்பிக் காட்டுகிறார். பச்சை டிக், கடையின் பெயர், தொகை, தேதி, நேரம், கீழே பரிவர்த்தனையின் அடையாளமான பன்னிரண்டு இலக்க யூடிஆர் எண், எல்லாம் இருக்கிறது. கடைக்காரர் தலையாட்டிவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறார். இரவு கல்லாவைக் கூட்டும்போது அந்தத் தொகை மட்டும் கணக்கில் இல்லை.

இங்கே ஏமாற்றியது வெறும் படம். போன்பே, கூகுள் பே, பேடிஎம் ஆகியவற்றின் முகத்தை அச்சு அசலாக நகலெடுத்த போலிச் செயலிகள் டெலிகிராம் குழுக்களில் ஏபிகே கோப்பாக, அதாவது ப்ளே ஸ்டோருக்கு வெளியே நேரடியாக நிறுவும் கோப்பாக, சுற்றுகின்றன. ஸ்கேன் செய்தால் அவை உங்கள் க்யூஆரில் இருக்கும் கடைப் பெயரைப் படித்துத் திரையில் போட்டுக்கொள்ளும். தொகையை அடித்ததும் டிக் சுழன்று வரும். ‘பணம் பெறப்பட்டது’ என்ற குரலைச் செல்பேசியிலிருந்தே ஒலிக்கவிடுவதும் பெரிய வித்தையில்லை. எந்த வங்கிக்கும் எந்தத் தகவலும் போயிருக்காது.

2016-இல் தொடங்கிய யூபிஐயில், 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகள் நடந்தன. இத்தனை பெரிய ஏற்பாட்டின் மீது மக்களிடம் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்பது ஒன்று. ஒருமுறை அடிபட்டவர்கள் சொல்லும் ‘ஆன்லைனே வேணாம், கேஷ் குடுங்க’ இன்னொன்று. பணம் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டுமே தேவைப்படாது.

வாடிக்கையாளர் பின் எண்ணை அழுத்தியதும் கோரிக்கை அவருடைய செயலியிலிருந்து யூபிஐயை நடத்தும் தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகத்துக்குப் போகிறது. கழகம் அவருடைய வங்கியிடம் பணத்தைக் கழிக்கச் சொல்கிறது. கழிந்ததும் உங்கள் தரப்பு வங்கியிடம் வரவு வைக்கச் சொல்கிறது. அந்த வங்கி பதில் சொன்ன பிறகுதான் இரண்டு பக்கமும் செய்தி வரும். இத்தனையும் சில விநாடிகளில் முடிந்துவிடுவதால் நமக்கு ஒரே அசைவாகத் தெரிகிறது. வாடிக்கையாளரின் திரை அவர் பக்கத்து விவரத்தை மட்டுமே காட்டும். உங்கள் பக்கம் வரவானதற்கு அத்தாட்சி உங்கள் வணிகச் செயலியின் பரிவர்த்தனைப் பட்டியல் அல்லது உங்கள் வங்கிக் கணக்கு மட்டும்தான். அவருடைய திரையில் உள்ள யூடிஆர் எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. பன்னிரண்டு இலக்கத்தை யாரும் அடித்துக்கொள்ளலாம். உங்கள் பட்டியலில் உள்ள எண்ணோடு கடைசி நான்கு இலக்கம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வரவைக் குரலில் அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸ் இந்த வேலையைப் பெரும்பாலும் சரியாகவே செய்கிறது. அதன் உள்ளே ஒரு சிம் இருக்கும். வரவானதும் நிறுவனத்தின் சர்வரிலிருந்து செய்தி வந்து அது பேசும். சார்ஜ் இறங்கினாலோ, சிக்னல் விட்டுப்போனாலோ, பேசாமல் இருந்துவிட்டு, பிறகு முந்தைய மூன்று நான்கு வரவுகளைச் சேர்த்து வரிசையாகச் சொல்லும். அந்தக் குழப்பத்தில்தான் ‘எனக்கு டிக் வந்துடுச்சுண்ணே, உங்க பாக்ஸ் ஸ்லோ’ என்ற பேச்சு எடுபடுகிறது. பெட்டியை நாள் முழுக்க சார்ஜரிலேயே வையுங்கள். சுவரின் உட்பக்கத்தில் வைக்காமல் சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். அது பேசாவிட்டால் செல்பேசியில் பட்டியலை ரெஃப்ரெஷ் செய்து பார்த்த பிறகு பொருளைக் கொடுங்கள். கல்லாவில் வேலையாள் உட்கார்கிறார் என்றால், பட்டியலை மட்டும் பார்க்கும் அனுமதியோடு அவர் செல்பேசியிலும் வணிகச் செயலியைப் போட்டுக் கொடுக்கும் வசதி பல செயலிகளில் இருக்கிறது. முதலாளி ஊரில் இல்லாத நாளில்தான் இந்த ஏமாற்று அதிகம் நடக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இதில் நேர்மையான வாடிக்கையாளரும் மாட்டிக்கொள்வதுண்டு. அவர் கணக்கில் பணம் கழிந்திருக்கும், உங்களுக்கு வந்திருக்காது. இடையில் ஏதோ ஒரு வங்கி நேரத்துக்குப் பதில் சொல்லாததுதான் காரணம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் கெடு வைத்திருக்கிறது. தனிநபருக்கு அனுப்பிய பணம் என்றால் மறுநாளுக்குள், கடைக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லி, வேறு வழியில் பணம் கேளுங்கள். நாலு பேர் முன்னால் அவரைத் திருடன் போல நடத்த வேண்டியதில்லை. தெரிந்த முகம் என்றால் யூடிஆர் எண்ணையும் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டு அனுப்பலாம். அது உங்கள் கடைக்கும் அவருக்கும் உள்ள பழக்கத்தைப் பொறுத்தது.

இனி க்யூஆர் அட்டை. அந்தக் கட்டங்களுக்குள் இருப்பது ஒரு யூபிஐ முகவரியும் ஒரு பெயரும், அவ்வளவுதான். அந்தப் பெயரை உருவாக்குகிறவர் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் கடைப் பெயரையே போட்டு, வேறொருவரின் கணக்குக்குப் போகும் க்யூஆரை யாரும் இலவசமாகத் தயாரித்துவிடலாம். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் பெட்ரோல் பங்க் உட்படச் சில கடைகளில் இரவோடு இரவாக இப்படி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இந்த ஓட்டையை அடைக்கத்தான், 2025 ஜூன் 30 முதல் பணம் பெறுபவரின் வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே திரையில் காட்ட வேண்டும் என்று கழகம் விதி கொண்டுவந்தது. ஆனால் கடைப் பெயர் ஒன்று, கணக்கு முதலாளியின் மனைவி பெயரில் என்றால், வாடிக்கையாளருக்கு எந்தப் பெயர் சரி என்று தெரியாமல் போகிறது. கணக்கில் உள்ள பெயரை அட்டைக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். ‘ஸ்கேன் செய்தால் இந்தப் பெயர் வர வேண்டும்’ என்று சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.

காலையில் கடை திறந்ததும் வீட்டார் செல்பேசியிலிருந்து ஒவ்வொரு அட்டையையும் ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். அட்டை, பெட்டி, கணக்கு மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அட்டையின் ஓரத்தை விரலால் தடவினால் மேலே ஒட்டிய ஸ்டிக்கர் தட்டுப்படும். வாசலில் தொங்கும் அட்டையை இரவு உள்ளே எடுத்து வையுங்கள். தள்ளுவண்டிக்காரர்கள், பூக்காரம்மாக்கள் அட்டையை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போவது வழக்கம். அதை முதலில் மாற்ற வேண்டும்.

‘கம்பெனியிலிருந்து வர்றோம்’ என்று வருகிறவர்களிடம் தனிக் கவனம் தேவை. பெட்டிக்குச் சிம் மாற்ற வேண்டும், கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) முடியப்போகிறது, வாடகையை ரத்து செய்து தருகிறேன் என்பார்கள். அட்டை ஒட்டவோ பெட்டி மாற்றவோ வருகிறவருக்கு உங்கள் யூபிஐ பின், ஏடிஎம் அட்டையின் பின், உங்கள் திறந்த செல்பேசி மூன்றுமே தேவையில்லை. செல்பேசியை அவர் கையில் கொடுத்தால் அதிலிருந்து பணம் அனுப்பலாம், உங்கள் பெயரில் வணிகக் கடனும் எடுக்கலாம். ஓடிபி வந்து சேர்வதும் அதே செல்பேசிக்குத்தான். அவரை நிறுத்திவைத்து, செயலிக்குள் இருக்கும் உதவி எண்ணுக்கு நீங்களே அழைத்து விசாரியுங்கள். அவர் தரும் எண்ணுக்கு அழைக்காதீர்கள்.

பணம் வாங்க யூபிஐ பின் எண் எப்போதும் தேவையில்லை. பணத்தை அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான் பின் எண். ராணுவ முகாமுக்கு நூறு பேருக்குச் சாப்பாடு வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள் என்று ஓட்டல்காரர்களுக்கு வரும் அழைப்பு பழையதுதான். இன்றைக்கும் ஆள் விழுகிறார்கள். பெரிய ஆர்டர் என்ற மகிழ்ச்சி கண்ணை மறைத்துவிடுகிறது.

‘அம்மா, 500-க்குப் பதிலா 5,000 போட்டுட்டேன், மீதியை இந்த நம்பருக்கு அனுப்புங்க’ என்ற அழைப்பு வந்தால் முதலில் கணக்கைப் பாருங்கள், எஸ்எம்எஸ்ஸைப் பார்க்காதீர்கள். வங்கிச் செய்தி சாதாரணப் பத்து இலக்கச் செல்பேசி எண்ணிலிருந்து வராது. எழுத்துகளால் ஆன தலைப்பில் வரும். 2025 மே முதல் அதன் கடைசியில் எஸ் (S) அல்லது டி (T) என்ற எழுத்தும் இருக்கும். விளம்பரம் என்றால் பி (P). கணக்கில் பணம் உண்மையாகவே வந்திருந்தாலும் வேறு எண்ணுக்கு அனுப்பாதீர்கள். வணிகச் செயலியில் அதே வரவைத் திறந்து ரீஃபண்ட் கொடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் அவருடைய வங்கியில் புகார் தரச் சொல்லுங்கள். வந்த பணம் வேறு யாரிடமாவது கொள்ளையடித்ததாக இருக்கலாம்.

அப்படிப்பட்ட பணம் கைமாறும்போதுதான் கடைக்காரர் உண்மையில் சிக்குகிறார். போலித் திரையால் போவது ஒரு நாள் சரக்கு. கணக்கு முடங்கினால் கடையே நிற்கும். எங்கோ வடமாநிலத்தில் ஒருவர் ஏமாற்றப்படுகிறார். அந்தப் பணம் நான்கைந்து கணக்குகள் தாண்டி, யாரோ உங்கள் கடையில் குடித்த டீக்கும் வாங்கிய சிகரெட்டுக்கும் வருகிறது. புகார் பதிவானதும் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கணக்கையும் நிறுத்தச் சொல்லி வங்கிகளுக்குத் தகவல் போகிறது. உங்கள் கணக்கும் அதில் ஒன்று. நீங்கள் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டீர்கள்.

இதைக் கூடியவரை தவிர்க்க ஒரே ஒரு பழக்கத்தை விட்டுவிட்டால் பாதி ஆபத்து குறையும். ‘ஜிபே பண்றேன், கேஷா குடுங்க’ என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏடிஎம் பக்கத்தில் இருக்க, கடைக்காரரிடம் வந்து ஐயாயிரம், பத்தாயிரம் ரொக்கம் கேட்பவரைச் சந்தேகப்படத்தான் வேண்டும். திருட்டுப் பணத்தை ரொக்கமாக்க இதைவிட எளிய வழி இல்லை. பொருள் விற்றதற்குப் பில் உண்டு; கைமாற்றுக்கு எந்த ஆதாரமும் இருக்காது.

அடுத்தது, கடைக்கென்று தனியாக நடப்புக் கணக்கு. க்யூஆர் வரவு அதில் மட்டும் விழட்டும். மகளின் கல்லூரிக் கட்டணம், நகைக்கடன் தவணை, வீட்டுச் சேமிப்பு வேறு கணக்கில் இருக்கட்டும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யூபிஐ வரவுகளை வைத்துச் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியபோது பெங்களூரில் பலர் க்யூஆர் அட்டையையே கழற்றினார்கள். பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்பது பதிவுக்கான வரம்பு. வியாபார வரவோடு உறவினர் தந்த கைமாற்றும், சீட்டுப் பணமும், வரி இல்லாத பால் காய்கறி விற்பனையும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால், பிரித்துக் காட்டும் வேலை உங்கள் தலையில்தான் விழும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் நேரத்தை வீணாக்காமல் 1930-க்கு அழையுங்கள். வங்கிப் பெயர், கணக்கு எண், யூடிஆர், தொகை, தேதி, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் அடுத்த கணக்கில் இருக்கும்போதே தடுத்தால் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் கஷ்டம். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரைப் பதிந்து ஒப்புகை எண் வாங்குங்கள். அன்றே வங்கியிலும் எழுத்துமூலம் கொடுத்து முத்திரை பெறுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, உங்கள் கவனக்குறைவும் வங்கியின் குறையும் இல்லாமல் வெளியார் கைவரிசையால் பணம் போயிருந்து, வங்கித் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நஷ்டம் உங்களுடையதல்ல. பின் எண்ணையோ ஓடிபியையோ நீங்களே கொடுத்திருந்தால், புகார் செய்யும்வரை போன பணம் உங்கள் நஷ்டம். அதன்பிறகு போவது வங்கியின் பொறுப்பு. புகார் கொடுத்த நேரத்துக்குச் சான்று வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

கணக்கு முடக்கப்பட்டிருந்தால் கிளை மேலாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், புகார் ஒப்புகை எண், சர்ச்சைக்குரிய வரவின் யூடிஆர், தேதி, தொகை ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தொகைக்கு மட்டும் பிடித்தம் வைத்து மீதியைப் பயன்படுத்த அனுமதிக்கும்படி அதே கடிதத்தில் கோருங்கள். கேரள உயர் நீதிமன்றம் 2023-இலும், சென்னை உயர் நீதிமன்றம் 2024-இலும் இந்த வழியில் உத்தரவிட்டிருப்பதைக் குறிப்பிடுங்கள். அடுத்து விசாரணை அதிகாரிக்கு, அந்த நாளின் பில், சரக்குப் பதிவு, கேமரா பதிவு, கடை உரிமம் ஆகியவற்றோடு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். கேமரா பதிவு பல கடைகளில் பதினைந்து, முப்பது நாளில் அழிந்துவிடும். முதல் வேலையாக அதைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

வங்கியின் சேவைக் குறைகளுக்கு, 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) கட்டணமில்லாமல் முறையிடலாம், தகவலுக்கு 14448. ஆனால் காவல் துறை உத்தரவால் முடங்கிய கணக்கு அங்கே எடுபடாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 106-ஆவது பிரிவின்கீழ் முடக்கியிருந்தால் காவல் துறை உடனே குற்றவியல் நடுவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று கேட்டு, அந்த நடுவர் மன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனுப் போடலாம். வழக்கறிஞரிடம் போகும்போது வங்கி கொடுத்த எழுத்துப் பதிலும், நீங்கள் அனுப்பிய தபாலின் ரசீதும் கையில் இருக்கட்டும்.