முகமூடியைத் திருப்பிப் பாருங்கள்

சிற்ப வகுப்புக்கு ஒரு மாணவி காகிதக்கூழ் முகமூடி ஒன்றைக் கொண்டுவந்தார். செல்போனில் கிடைத்த படத்தைப் பார்த்துச் செய்தது. முன்பக்கம் அருமையாக இருந்தது. வாங்கித் திருப்பினேன். உள்ளே காய்ந்த கூழ் கட்டி கட்டியாக நின்றது. நெற்றிப் பக்கம் கம்பி நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சரி, போட்டுப் பாருங்கள் என்றேன். கண் துளைகள் புருவத்துக்கு மேல் வந்தன.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. படத்தில் முன்பக்கம் மட்டும்தான் இருக்கும். அணிகிறவர் இருப்பது பின்பக்கத்தில்.

ஜப்பானின் ‘நோ’ என்ற மரபு நாடகத்தின் முகமூடிகளைப் பாருங்கள். ஹினோகி மரத்தில் செதுக்கி, சிப்பித் தூளைப் பசையோடு குழைத்துப் பல பூச்சு பூசி, ஒவ்வொன்றையும் தேய்த்து மெருகேற்றுவார்கள். நடிகரின் முகத்தைவிடச் சிறியது. தாடை வெளியே தெரியும். தலையைச் சற்று நிமிர்த்தினால் அந்த முகம் மலர்கிறது, கவிழ்த்தால் வாடுகிறது. நேராக எடுத்த ஒற்றைப் படத்தில் இந்த இரண்டுமே இல்லை. நகல் எடுக்கும் மாணவர்கள் உதட்டை வளைத்துச் சிரிக்க வைத்துவிடுகிறார்கள். அப்புறம் எப்படிக் கவிழ்த்தாலும் அது அழாது.

கனடாவின் மேற்குக் கடற்கரையில் வாழும் குவாக்வாக்காவாக்கு மக்களின் உருமாறும் முகமூடிகளில் உள்பக்கம்தான் விசையே. ஆடுபவர் கயிற்றை இழுத்ததும் வெளியே இருக்கும் விலங்கு முகம் பிளந்து, உள்ளிருந்து மனித முகம் வரும். பழங்கால எகிப்து மன்னர் துட்டன்காமுனின் தங்க முகமூடி 10 கிலோவுக்கு மேல் எடை. அதன் முதுகுப்பக்கத்தில் இறந்தவரைக் காக்கும் மந்திரம் பொறித்திருக்கிறார்கள். இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் இடியா ராணியைக் காட்டும் 16ஆம் நூற்றாண்டுத் தந்த முகமோ முகத்தில் போடுவதே அல்ல. சுமார் 24 சென்டிமீட்டர் உயரம்தான். பின்பக்கம் குடைந்து, கட்டித் தொங்கவிட வளையங்கள் வைத்த பதக்கம் அது. 1897இல் பிரிட்டிஷ் படை பெனினைச் சூறையாடியபோது பறிபோனது. இதைப் பார்த்துக் கண் துளை போட்டுக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி, முகத்திலேயே அச்சு எடுக்கும் விஷயம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவு தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சூடாகும். பருமன் கூடக் கூட அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தோலில் இறங்கும். 2007இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி, அச்சு எடுப்பதற்காக வாளிப் பிளாஸ்டருக்குள் கைகளை விட்டார். இறுகியதும் கைகளை எடுக்க முடியவில்லை. தீக்காயத்தால் பெரும்பாலான விரல்களை இழந்தார்.

என் வகுப்பிலும் ஒரு மாணவர், சீக்கிரம் காயட்டும் என்று சுடுதண்ணீரில் பிளாஸ்டர் தடவிய பேண்டேஜை நனைத்து, தோழனின் கன்னத்தில் ஆறு அடுக்கு போட்டுவிட்டார். அவன் கையைத் தூக்கியதும் பிரித்தெடுத்தோம். கன்னம் சிவந்திருந்தது. குழாய்த் தண்ணீரில் வெகுநேரம் காட்டினோம். நல்லவேளை, கொப்புளம் வரவில்லை. அன்றைக்கு என் கை நடுங்கியது நினைவிருக்கிறது.

அதிலிருந்து முகத்தில் குழை பிளாஸ்டர் ஊற்ற நான் விடுவதில்லை. பிளாஸ்டர் பேண்டேஜ் மட்டும்தான், அதுவும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, மூன்று அடுக்கு. புருவத்திலும் முடி தொடங்கும் ஓரத்திலும் வாஸ்லின் தாராளமாகப் பூச வேண்டும். கண்களின் மேல் பேண்டேஜ் போட வேண்டாம், மூக்குத் துளைப் பக்கமே போக வேண்டாம். படுத்திருப்பவர் கையைத் தூக்கினால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும். தனியாக யாரும் செய்யக் கூடாது.

எல்லா முகத்தையும் செய்து பார்க்கலாம் என்றும் இல்லை. வட அமெரிக்காவின் ஹௌடெனோசௌனி மக்கள் நோய் தீர்க்கும் சடங்குகளில் அணியும் தங்கள் முகமூடிகளை உயிருள்ளவையாகக் கருதுகிறார்கள். அவற்றைக் காட்சிக்கு வைக்காதீர்கள், நகலெடுக்காதீர்கள் என்று அவர்களின் தலைவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த முகங்களைப் பற்றி வகுப்பில் பேசும் நாளில் நான் படம் காட்டுவதில்லை. கரும்பலகை வெறுமையாகவே இருக்கும்.